கழலையின் குணம் அறிதல்

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் வழியாகக் காங்கேயத்தை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், சின்ன வெங்காயமும் தென்னையும் ஒருபுறம், விசைத்தறிக் கூடங்களும் கோழிப் பண்ணைகளும் மறுபுறமாக அமைந்த ஊர் பொங்கலூர். வெயில் ஏறுமுன்னரே அங்கே திருப்பூர் பனியன் கம்பெனி வண்டிகளுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களின் பேச்சைச் சிறிது நேரம் செவிமடுப்பவர், வைத்திய சாஸ்திரத்தின் சொல் ஒன்று நம் வீட்டுப் பேச்சில் எவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது என்பதை அறிந்துகொள்வார். “ஏனுங்கக்கா, இத்தனை சோர்ந்து போயிட்டீங்க?” என்று இளையவள் கேட்பாள். “எனக்குத் தைராய்டு இருக்குது கண்ணு, தினமும் வெறும் வயித்துல மாத்திரை போடோணும்” என்று மூத்தவள் விடை கூறுவாள்.

தைராய்டு இல்லாமல் பிறப்பவர் மிக அரியர். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தை இரு சிறகுகளால் அணைத்தபடி அமர்ந்திருக்கும் அந்தச் சுரப்பி, முழு வளர்ச்சியடைந்த மனிதனிடம் ஏறத்தாழ இருபது கிராம் எடையே உள்ளது. ஆயினும் சரீரத்தின் உஷ்ணம், இதயத்தின் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் அது இரத்தத்தில் கலக்கும் சுரப்புநீரின் அளவைப் பொறுத்தே அமைகின்றன. ‘தைராய்டு இருக்கிறது’ என்று நம்மவர் கூறும்போது அந்தச் சுரப்பு குறைந்துவிட்டது என்றோ மிகுந்துவிட்டது என்றோதான் பெரும்பாலும் பொருள் கொள்கின்றனர். அதுவோ மாத்திரையால் சீர்ப்படக்கூடிய குறை. ஆனால் அதே பெண் ஒருநாள் கண்ணாடி முன் நின்று நீர் பருகும்போது, தொண்டையோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் சிறு கட்டியொன்றைக் காண்பாளேயானால், அந்தக் கணத்திலிருந்து அவள் மனத்தில் எழும் சொல் வேறு. அந்தச் சொல்லைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தைராய்டில் தோன்றும் கழலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் புற்று அல்ல. எஞ்சியவற்றுள்ளும் மிகப் பல, புற்றுநோய்களுள் சாந்தமான சுபாவம் உடையவை. வேறு சிலவோ வேகமும் வன்மையும் கொண்டவை. ஒருவரோடு நில்லாமல் குடும்பத்தையே தொடர்ந்து வருவனவும் உண்டு. புற்று என்னும் ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபட்ட குணங்கள் அடங்கியிருப்பதால், இத்துறையில் உழைத்த ஆராய்ச்சியாளர்களின் உழைப்பெல்லாம் இறுதியில் ஒரு கேள்வியிலே வந்து முடிகிறது: எந்தக் கழலையிடம் கடுமை காட்ட வேண்டும், எதனிடம் பொறுமை காட்டலாம்? கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண் இதன் அருமையை அறிவாள். சிறு அழுக்குப் பட்ட பீஸையெல்லாம் கழித்துத் தள்ளினாலும் நஷ்டம்; ஓட்டை விழுந்ததைப் பார்க்காமல் அனுப்பிவிட்டாலும் நஷ்டம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் முதலிற் செல்ல வேண்டிய இடம் ஹிமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கு. ஸ்ரீகாகுளத்திற் பிறந்து, பிற்காலத்தில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கிய நோய்க்கூற்றியல் அறிஞர் வி. ராமலிங்கஸ்வாமி, 1956-ஆம் ஆண்டில் தம் சகாக்களுடன் அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். இரண்டு பகுதிகளின் உப்பில் அயோடினைச் சேர்த்தும், ஒரு பகுதியின் உப்பை அப்படியே விட்டும், மக்களின் கழுத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார். அயோடின் சேர்ந்த பகுதிகளில் கழுத்து வீக்கம் பாதியளவுக்குக் குறைந்தது. சேராத பகுதியில் அது இருந்தபடியே இருந்தது. தைராய்டு தன் சுரப்புநீரை அயோடினைக் கொண்டே ஆக்குகிறது என்பதும், அது கிட்டாதபோது உழைத்துழைத்து வீங்குகிறது என்பதும் இவ்வாறு ஒரு பள்ளத்தாக்கிலேயே பிரத்தியட்சமாயின. 1962-இல் தேசிய அளவில் கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து நம் அடுக்களைக்கு வரும் உப்புப் பையின் மேல் அயோடின் என்ற சொல் அச்சாகியிருப்பதற்குப் பின்னே அந்த ஆய்வு இருக்கிறது.

அயோடின் கிடைத்துவிட்டால் புற்று வராது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அயோடின் குறைந்த நாடுகளில் இரத்தத்தின் வழியே எலும்பையும் நுரையீரலையும் நாடும் ஃபாலிகுலர் என்னும் வகை மிகுந்து காணப்படுகிறது. அயோடின் நிறைந்த இடங்களில் பாப்பிலரி என்னும் சாந்தமான வகை மேலோங்குகிறது. உப்பு நோயை ஒழிக்கவில்லை. நோயின் குணத்தைத் தணித்தது. ஐயமற நிறுவப்பட்ட புறக்காரணம் ஒன்று உண்டானால், அது குழந்தைப் பருவத்திலே கழுத்திற் படும் கதிர்வீச்சாகும். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, அப்பாலைப் பருகிய சிறுவர் சிறுமியரின் தைராய்டில் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் குழந்தைகளிடையே தைராய்டுப் புற்று பெருகியதை உலகம் கண்டது.

இந்தச் சுரப்பியைக் கத்திக்கு உட்படுத்துவது ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாக இருந்தது. இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் அந்தச் சிறு இடத்திலே நிதானமாக, துளி இரத்தமும் வீணாகாமல் அறுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர். 1909-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. அவருடைய பெருமைக்கு அறுவைத் திறனோடு அவருடைய சத்தியமும் காரணம். சுரப்பியை முழுவதும் நீக்கிய தம் நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, பலர் வீங்கிச் சோர்ந்து மந்தமாகிவிட்டிருந்ததை 1883-இல் அவர் மறையாமல் வெளியிட்டார். தைராய்டு ஏன் வேண்டும் என்பதை உலகம் அறிந்ததில் அந்த ஒப்புதலுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழகத்தில் இக்கலையை ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்த்தவர் டாக்டர் சிவபாதம் விட்டல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே அறுவைச் சிகிச்சைத் துறையை நிலைநாட்டி, அத்துறையின் தந்தை என்று இந்திய வைத்திய உலகம் போற்றும் நிலையை எய்திய அவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பொது அறுவை வைத்தியரே எல்லாக் கழலையையும் அறுத்துவந்த காலத்தில், தைராய்டு, அதன் முதுகில் கோதுமை மணிகள்போல் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டுகள், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல்கள் ஆகியவற்றுக்கென ஒரு தனித் துறை வேண்டுமா என்று கேட்டவர் உண்டு. சுரப்பியின் பின்னே ஓடும் நூலிழை போன்ற நரம்பு ஒன்று அறுபட்டால் குரல் போய்விடும். நான்கு மணிகளும் போய்விட்டால் இரத்தத்தில் சுண்ணச் சத்து குறைந்து கைகால் இழுக்கும். அறுவை செய்வோர் கை பல நூறு முறை பழகியிருந்தால் இவ்விரு ஆபத்துகளும் குறைகின்றன என்பது அனுபவத்தாலும் ஆய்வுகளாலும் தெளிவான செய்தி. தனித் துறை வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

புற்று வேறு உறுப்புக்குச் சென்றிருந்தாலும் தைராய்டின் பழைய பசி அதை விட்டுப் போவதில்லை. ஃபாலிகுலர், பாப்பிலரி வகைகளின் உயிரணுக்கள் எங்கே குடியேறினாலும் பெரும்பாலும் அயோடினை உறிஞ்சுகின்றன. அந்தப் பசியையே அதற்குப் பகையாக்கியது இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் அரிய உபாயங்களுள் ஒன்று. 1938-இல் சீபோர்க், லிவிங்குட் என்னும் விஞ்ஞானியர் கண்டறிந்த அயோடின்-131, எட்டு நாளில் பாதியாகக் குறையும் இயல்புடையது. 1946-இல் சாமுவேல் சைட்லினும் அவர் குழுவினரும் அதைத் தைராய்டுப் புற்றுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டனர். நோயாளி அதை அருந்துகிறார்; இரத்தம் அதைச் சரீரம் எங்கும் கொண்டு செல்கிறது; தைராய்டின் சந்ததியான உயிரணு எங்கே ஒளிந்திருந்தாலும் அதை எடுத்து விழுங்கி, தன்னுள்ளிருந்தே சுடப்படுகிறது. நம் நாட்டில் ட்ராம்பே அணு உலைகள் இந்தக் கதிரியக்கப் பொருளை வழங்க, மும்பை பரேலில் 1963-இல் தொடங்கிய கதிரியக்க மருத்துவ மையம் இச்சிகிச்சையைப் பரப்புவதில் முன்னின்றது.

இனி, பொறுமை காட்ட வேண்டிய கழலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் அண்டை மாநிலத் தலைநகரான திருவனந்தபுரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு, தைராய்டுப் புற்றில் இந்திய நகரங்களுள் மிக உயர்ந்த எண்ணிக்கைகளைக் காட்டும் பதிவேடுகளுள் ஒன்று. ‘கேரளக் கடற்கரையின் மோனசைட் மணலே காரணம்’ என்று சொல்வது எளிது. அந்த மணலில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சும் இருக்கிறது. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்கவே கருநாகப்பள்ளியில் மண்டலப் புற்றுநோய் மையத்தார் ஊர் ஊராக, வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தனர். 2009-இல் வெளியான அவர்களுடைய முடிவு, எந்த உறுப்பின் புற்றுக்கும் அம்மணலின் கதிர்வீச்சுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே. அப்படியாயின் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? 2017-இல் வெளியான தென்னிந்தியத் தைராய்டுப் புற்றைப் பற்றிய கட்டுரையொன்று தன் தலைப்பிலேயே அக்கேள்வியை எழுப்பியது: இந்த ஏற்றம் நோயின் பெருக்கமா, அல்லது மிகையாகக் கண்டறிவதன் பெருக்கமா? ஸ்கேன் கருவியும் ஊசிப் பரிசோதனையும் எளிதில் எட்டும் ஊரிலே, பிறவி முழுவதும் யாரையும் வருத்தாமல் கிடந்திருக்கக்கூடிய துகள்கள்கூடப் பெயர் பெற்று, பதிவேட்டில் ஏறுகின்றன.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 1999-இல் அந்நாடு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமொன்றைத் தொடங்கியது. சொற்பக் கூடுதல் கட்டணத்தில் கழுத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளும் வழக்கம் பரவியது. 2011-இல் அங்கே தைராய்டுப் புற்று கண்டறியப்பட்டவர் 40,000-க்கும் மேற்பட்டோர்; 1993-ஆம் ஆண்டின் விகிதத்தைப்போல் அது பதினைந்து மடங்கு. ஆனால் அந்நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு 300 முதல் 400 என்ற அளவில் ஏறாமலும் இறங்காமலும் நின்றது. உண்மையிலே நோய் பதினைந்து மடங்கு பெருகியிருந்தால் மரணமும் பெருகியிருக்க வேண்டும், உண்மையிலே பரிசோதனை உயிரைக் காத்திருந்தால் மரணம் குறைந்திருக்க வேண்டும், இரண்டும் நிகழவில்லை. 2014-இல் அந்நாட்டு வைத்தியர்கள் சிலர் துணிந்து இதைப் பொதுமக்களிடம் எடுத்துரைத்தபின், அறுவைகள் ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இதற்கான மூலகாரணம் பின்லாந்தில் 1985-லேயே தெரிந்திருந்தது. வேறு காரணங்களால் இறந்த 101 பேருடைய தைராய்டை மிக நுண்ணிய வில்லைகளாகச் சீவிப் பார்த்தபோது, மூவரில் ஒருவருக்கும் மேலாக, உயிரோடிருக்கையில் யாரும் அறியாத சிறு பாப்பிலரிப் புற்று காணப்பட்டது. ஜப்பானின் கோபே நகரத்து குமா மருத்துவமனையில் டாக்டர் அகிரா மியாவுச்சி 1993-இல் ஒரு முடிவுக்கு வந்தார்: ஒரு சென்டிமீட்டரை எட்டாத, அபாயக் குறிகளற்ற பாப்பிலரிக் கழலைகளை உடனே அறுக்காமல், ஆண்டுதோறும் அளந்து காத்திருக்கலாம். அவ்வாறு காத்திருந்த 1,235 பேரைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு அறிக்கையில், பத்தாண்டுகளில் கழலை குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தோர் நூற்றுக்கு எண்மர். கழுத்துக் கணுக்களுக்குப் பரவியது கண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. அவர்களுக்கு அறுவை பின்னர் செய்யப்பட்டது. நோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை. 2016-இல் நோய்க்கூற்றியலார் குழுவொன்று இன்னும் ஒருபடி மேலே சென்று, உறையைக் கிழித்து வெளியேறாத ஒரு வகைக் கழலையின் பெயரிலிருந்து ‘புற்று’ என்ற சொல்லையே நீக்கிவிட்டது. ஒரு சொல்லை எடுத்ததால், நோயாளியின் மனத்தில் நள்ளிரவிலே எழும் அச்சத்தையும், தேவையற்ற கதிரியக்க மருந்தையும் ஒருங்கே எடுத்தார்கள்.

இவ்வளவும் படித்தபின், தைராய்டுப் புற்று என்றாலே அலட்சியம் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதே சுரப்பியின் உள்ளே, அயோடினோடு சம்பந்தமே இல்லாத ‘சி’ உயிரணுக்கள் என்ற வேறொரு ஜாதி குடியிருக்கிறது. அவை கால்சிடோனின் என்னும் சுரப்பை ஆக்குபவை. அவற்றில் எழும் மெடுல்லரி என்ற புற்றை 1959-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஹஸார்டும் அவர் சகாக்களும் தனி நோயாகப் பிரித்தறிந்தனர். அது ‘சி’ உயிரணுக்களிற் பிறப்பது என்பதை 1966-இல் வில்லியம்ஸ் விளக்கினார். அயோடினை அது உண்பதில்லை. ஆகவே கதிரியக்க அயோடின் அதனிடம் செல்லாது. அறுவையே அதற்கு முதற்சிகிச்சை. அதுவும் காலத்தே செய்தால்தான் பயன்.

1961-இல் ஜான் சிப்பிள் என்ற இளம் வைத்தியர், மூளையில் இரத்தம் கசிந்து இறந்த முப்பத்துமூன்று வயது மனிதர் ஒருவரைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, அட்ரீனல்களில் இரத்த அழுத்தத்தை வானளாவ ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டிகளும், தைராய்டில் புற்றும், பாராதைராய்டில் வீக்கமும் ஒரே சரீரத்தில் இருப்பதைக் கண்டு திகைத்தார். தற்செயல் என்று விட்டுவிடாமல் பழைய நூல்களைத் துருவிப் பார்த்தார். இவ்விணைப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு எழுதினார். தூரத்தூர உள்ள மூன்று சுரப்பிகளை ஒரே நோய் எவ்வாறு எட்டும்? விடை வர முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1985-இல் ஜப்பானிய அறிஞர் மசாஹிதே தகஹாஷி கண்டறிந்த ‘ரெட்’ என்னும் மரபணுவில் ஏற்படும் பிழையே இவ்விணைப்பு தொடர்ந்து வரும் குடும்பங்களின் நோய்க்கு மூலம் என்பது 1993-இல் நிறுவப்பட்டது.

பொங்கலூர் வாசகர்க்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. பனியன் துணி பின்னும் மெஷினில் ஓர் ஊசி பழுதானால், அந்த மெஷினிலிருந்து இறங்கும் துணியில், முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை ஒரே கோடு ஓடும். தைத்த பீஸில் பிறகு பட்ட கறையோ அந்த ஒரு பீஸோடு நின்றுவிடும். பெரும்பாலான தைராய்டுப் புற்றுகள் பிற்பாடு பட்ட கறை போன்றவை. மெடுல்லரிப் புற்றில் நான்கில் ஒரு பங்கு ஊசிக் கோடு போன்றது; கருவிலேயே அமைந்த பிழை. பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. செர்னோபில் குழந்தைகளின் பாப்பிலரிப் புற்றுகள் பலவற்றிலும் இதே ‘ரெட்’ மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருந்தது என்பதை எண்ணும்போது, ஒரே இயந்திர உறுப்பு இருவேறு வழிகளில் பழுதாவதன் விசித்திரம் புலனாகும்.

இந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. இரத்தத் துளியொன்றில் ‘ரெட்’ மரபணுவைப் படித்து, பிழை உள்ள குழந்தையின் தைராய்டைப் புற்று தோன்றுமுன்னரே நீக்கிவிடும் முறை 1994 முதல் உலகில் நிலைபெற்றது. மரபணுவின் எந்த இடத்தில் பிழை என்பதைக் கொண்டு, ஒரு குழந்தைக்கு முதல் வயதிலேயே அறுவை வேண்டும், மற்றொன்றுக்கு ஐந்து வயதுக்குள் போதும், இன்னொன்றைக் காத்திருந்து கவனிக்கலாம் என்று வகுக்க முடிகிறது. பிழை இல்லாத குழந்தையோ அந்தக் கவலையிலிருந்தே விடுதலை பெறுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இத்தகைய மரபணுச் சோதனையும், சுரப்பியியல் வைத்தியரும், அறுவை வைத்தியரும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது தமிழகத்தின் பாக்கியம். ஒன்றுமட்டும் எக்காலத்தும் மறக்கலாகாது: மெடுல்லரிப் புற்று உள்ளவருக்குக் கழுத்தில் கத்தி வைக்குமுன் அட்ரீனலில் கட்டி இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும், இல்லையேல் மயக்க மருந்தின்போதே இரத்த அழுத்தம் சீறி உயிரைக் கொள்ளக்கூடும்.

இவ்வாறு ஒரே சுரப்பியில், காத்திருந்தால் கேடில்லாத கழலையும், பால்மணம் மாறாத பருவத்திலேயே முந்திச்சென்று தடுக்க வேண்டிய கழலையும் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவதே அறிவு. பயமும் அலட்சியமும் அந்த அறிவுக்கு ஒரே அளவு பகை. ‘கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கிளம்பிவிடும்’ என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் வழங்குகிறது. மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் சோதனைதான் பல பெண்களைத் தேவையற்ற அறுவையிலிருந்து காப்பாற்றுகிறது. அந்தப் பேச்சை நம்பித் தயங்கியவர்களுக்கே நஷ்டம்.

ஆகவே வாசகருக்கு ஒரு வார்த்தை. கழுத்தில் கட்டி தெரிந்தால், இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு மனநிறைவு கொள்ளாதீர்கள். புற்று உள்ள சுரப்பியும் பெரும்பாலும் சரியாகவே சுரக்கும். கட்டி கல்லைப்போல் கெட்டியாகவோ வேகமாக வளர்வதாகவோ இருந்தால், குரல் கம்மினால், விழுங்கக் கடினமானால், கழுத்தின் பக்கங்களில் கணுக்கள் தட்டுப்பட்டால், ஷிப்டுக்கு விடுப்புப் போட்டாவது தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் தைராய்டுப் புற்றோ, அட்ரீனல் கட்டியோ, காரணம் தெரியாத இளவயது மரணமோ இருந்ததா என்பதை அவரிடம் மறவாமல் சொல்லுங்கள். கண்டறிந்த கழலை சிறியது, சாந்தமானது என்று அவர் கூறினால், ‘ஐயா, இதை அறுக்காமல் கவனித்து வரலாமா?’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் தைரியம் உங்களுக்கு வந்துவிட்டால், கோபேயிலும் கருநாகப்பள்ளியிலும் சென்னையிலும் உழைத்தவர்களின் உழைப்பு பொங்கலூர் வரை வந்து சேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.